தொலைவில் தோன்றுபவர்

நுழையும்முன்

முன்பின் அறியாத ஒருவரிடம் பேசத் தொடங்கும்போது முதலில் வேண்டுவது ஒரு விளி. தமிழர் வழக்கில் அவ்விளி பெரும்பாலும் உறவுப்பெயராக அமைகிறது. உறவுப்பெயரோ, அழைக்கப்படுபவர் ஆணா பெண்ணா என்பதை அழைப்பவரே முடிவு செய்துவிடுமாறு அமைந்துள்ளது. அம்முடிவு தவறினால் என்ன நேரும்? பால் தெளிவாகத் தெரியாத இடத்தில் எவ்வாறு பேசுவது என்பதற்குத் தமிழ் இலக்கணம் காட்டும் வழி யாது? கரிசல் நிலத்தில் நின்று இவ்வினாக்களை ஆராய்கிறது இக்கட்டுரை.

கரிசலில் ஒரு காட்சி

எட்டயபுரத்திலிருந்து விளாத்திகுளம் செல்லும் சாலையின் இருமருங்கிலும் கரிசல் காடு கண்ணுக்கெட்டிய தொலைவு வரை விரிந்து கிடக்கிறது. மறைக்கும் மரங்கள் குறைவு. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பனையும் உடையும் வேலிக்கருவையும் நிற்கும். இந்நிலத்தில் ஒருவர் நடந்து வந்தால், அவர் யார் என்பது தெரிவதற்கு நெடுநேரம் முன்பே, யாரோ வருகிறார் என்பது தெரிந்துவிடும்.

தை, மாசி மாதங்களில் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் அறுவடைக்கு வரும்போது காட்டுவேலைக்குச் செல்லும் பெண்கள், சேலைக்கு மேலே ஆண்கள் அணியும் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். வெயிலும் சுணையும் உடம்பில் படாமலிருக்கச் செய்துகொள்ளும் ஏற்பாடு அது. அருகில் வேலை செய்யும் ஆணின் உடம்பிலும் அதே சட்டை, தலையிலும் அதே துண்டு. பயிர் இடுப்பளவு மறைத்து நிற்க, எதிர்வெயிலில் தெரிவது ஒரு சட்டையும் ஒரு தலைப்பாகையும் மட்டுமே. அவரைக் கூப்பிட்டு வழி கேட்க வேண்டிய வெளியூர்க்காரர், 'அண்ணாச்சி' என்பாரா, 'அக்கா' என்பாரா?

அந்த ஊர்க்காரர் என்றால் பெரும்பாலும் "யாரது?" என்றுதான் குரல் கொடுப்பார். ஆண்பால், பெண்பால், பலர்பால் ஆகிய மூன்றுக்கும் பொதுவாக வருவது 'யார்' என்னும் வினாச்சொல் என்பதை மாணவர்கள் இலக்கணப் பாடத்தில் படித்திருப்பார்கள். காட்டில் நின்று குரல் கொடுப்பவர் அந்தப் பாடத்தைப் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. அறியாத ஒன்றை அறிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் பேசும் வழி அவர் பேசும் மொழியிலேயே இருக்கிறது.

ஐயத்திற்கும் இலக்கணம்

இதே காட்சி தொல்காப்பியர்க்கும் தெரிந்திருந்தது என்பது வியப்புக்குரியது. சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்தில், ஒருவர் ஆண்பாலா பெண்பாலா என்று ஐயம் தோன்றும் இடத்தில் பன்மையால் சொல்லுக என்று அவர் விதி வகுக்கிறார். தொலைவில் ஓர் ஆள் தோன்றுகிறார். ஆடவரோ, பெண்டிரோ தெரியவில்லை. அந்நிலையில் 'தோன்றுகிறான்' என்றோ 'தோன்றுகிறாள்' என்றோ சொல்லாமல், 'தோன்றுவார்' என்று பலர்பால் வினையால் முடிக்க வேண்டும். உரையாசிரியர்கள் இவ்விதிக்குக் காட்டும் எடுத்துக்காட்டும் தொலைவில் தோன்றும் ஆளைப் பற்றியதே. அதற்கும் முந்திய ஐயம் ஒன்றுண்டு. தோன்றுவது மனிதரா, நட்டுவைத்த கட்டையா என்பதே தெரியாவிட்டால் என்ன செய்வது? அதற்கு 'உரு' என்னும் பொதுச்சொல்லை ஆளலாம் என்கிறது இலக்கணம். நன்னூலார் பவணந்தியும் இந்த ஐயத்தை விட்டுவிடவில்லை. திணையிலோ பாலிலோ ஐயம் தோன்றினால், அவற்றுக்குரிய பொதுச்சொல்லால் சொல்லுக என்பது அவர் விதி.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐயம் என்பதை இலக்கண ஆசிரியர்கள் ஒரு குறையாகக் கருதவில்லை. ஊகித்து ஒன்றைச் சொல்லிவிடு, தவறினால் பிறகு திருத்திக்கொள் என்று அவர்கள் சொல்லவில்லை. தெரியாததைத் தெரியாததாகவே வைத்துச் சொல்லும் சொல்வடிவம் மொழிக்குத் தேவை என்று கருதி, அதற்கு ஒரு நூற்பாவையே ஒதுக்கினார்கள்.

முன்னிலையில் இச்சிக்கல் இன்னும் எளிதாகத் தீர்ந்துவிடுகிறது. 'நீ', 'நீயிர்' ஆகிய சொற்கள் பால் காட்டுவதில்லை என்று பெயரியலில் தொல்காப்பியர் குறிப்பிடுகிறார். இன்றைய 'நீங்கள்' என்பதும் அவ்வாறே. 'வந்தாய்', 'வந்தீர்கள்' என்னும் வினைமுற்றுகளிலும் ஆண் பெண் வேறுபாடு இல்லை. இந்தி மொழியில் எதிரே நிற்பவரிடம் 'எங்கே போகிறீர்கள்?' என்று கேட்பதற்கே அவர் ஆணா பெண்ணா என்பது தெரிந்திருக்க வேண்டும். வினைச்சொல்லின் ஈறு அதற்கேற்ப மாறும். தமிழில் அந்தக் கட்டாயம் இல்லை. நேருக்கு நேர் பேசும்போது தமிழ் வாக்கியம் எதிரில் இருப்பவரின் பாலைக் கேட்பதே இல்லை. கேட்பது வாக்கியத்துக்கு முன்னால் நாம் சேர்க்கும் விளிப்பெயர்தான்.

தெரிந்து தெளிவோம்

'ஒருவன்', 'ஒருத்தி' ஆகிய சொற்கள் பால் காட்டுவன. 'ஒருவர்' என்னும் சொல் ஆண், பெண் ஆகிய இருபாலுக்கும் உரியது என்று தொல்காப்பியம் கூறுகிறது. ஒருமைப் பொருளை உணர்த்தினாலும் இச்சொல் பன்மை வினை கொண்டு முடியும். (எ.கா.) ஒருவர் வந்தார்.

அண்ணாச்சி என்னும் அன்பு

விளிப்பெயர்களைப் பொறுத்தவரை தென்மாவட்டங்கள் செல்வம் நிறைந்தவை. கடைக்காரர் யாராயினும் 'அண்ணாச்சி'. வயதான பெண்மணி 'ஆச்சி'. இளையவளைப் பெரியவர்கள் 'தாயி' என்பார்கள். உறவே இல்லாதவரையும் 'சித்தி', 'மதினி', 'மாமா', 'பெரியப்பா' என்று உறவாக்கிக்கொள்ளும் ஊர்கள் இவை. கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் இவ்வட்டாரத்தின் வழக்குச் சொற்களைத் தேடித் தொகுத்து அகராதி ஆக்கியவர். அவர் கதைகளைப் படிப்பவர்களுக்கு, கரிசலில் ஒரு விளிச்சொல் எத்தனை உணர்ச்சிகளைச் சுமக்கக்கூடும் என்பது புரியும். பேருந்தில் இடம் கொடுப்பதற்கும், கடையில் கடன் கேட்பதற்கும், சண்டையை விலக்குவதற்கும் இந்த உறவுப்பெயர்கள் உதவுகின்றன. இவற்றை விட்டுவிட்டு எல்லாரையும் ஒரே அலுவலகச் சொல்லால் அழைக்க வேண்டும் என்று யாரேனும் சொன்னால், அது கரிசல் மக்களின் காதில் ஏறாது, ஏறவும் வேண்டியதில்லை.

ஆனால், உறவுப்பெயர் ஒன்றைச் சொல்வதற்கு முன் சொல்பவர் மூன்று முடிவுகளை எடுத்துவிடுகிறார். எதிரில் இருப்பவர் ஆணா பெண்ணா என்பது முதலாவது. தம்மைவிட மூத்தவரா இளையவரா என்பது இரண்டாவது. 'அம்மா' என்பதா 'பாப்பா' என்பதா என்னும் இடத்தில் திருமணம் ஆனவரா என்பதும் சேர்ந்துகொள்கிறது. மூன்றிலும் தவறு நேரலாம். முப்பது வயதுப் பெண்ணைக் கல்லூரி மாணவர் 'அம்மா' என்று அழைத்தால் அவர் முகம் சுருங்குவதை எல்லாரும் பார்த்திருப்போம். பதினோராம் வகுப்பில் படிக்கும் மாணவர் பலர்க்கு வேறோர் அனுபவம் இருக்கும். குரல் உடையும் பருவத்தில் தொலைபேசியை எடுத்துப் பேசியதும், மறுமுனையிலிருந்து "அப்பா இருக்காராம்மா?" என்று கேள்வி வரும். பக்கத்தில் இருக்கும் தங்கை சிரிப்பாள். முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட மாணவி ஒருவரைப் பேருந்தில் பின்னாலிருந்து "தம்பி, கொஞ்சம் நகருப்பா" என்பார்கள். அவர் திரும்பிப் பார்த்ததும் அழைத்தவர் நாக்கைக் கடித்துக்கொள்வார்.

இவை சிரித்து மறக்கத்தக்கவை. ஆண்டுக்கு ஒருமுறை நேர்வன. நாள்தோறும், ஒவ்வொரு கடையிலும், ஒவ்வோர் அலுவலகச் சாளரத்திலும் இதே தவறு ஒருவர்க்கு நேருமானால் அது சிரிப்பாக இராது.

மந்தித்தோப்பில் ஒரு சங்கம்

கோவில்பட்டியை ஒட்டிய சிற்றூர் மந்தித்தோப்பு. அங்கே 2020ஆம் ஆண்டு திருநங்கையர்க்கெனப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது. இத்தகைய சங்கங்களுள் நாட்டிலேயே இது முதலாவது என்று செய்தித்தாள்கள் எழுதின. அப்போதைய தூத்துக்குடி மாவட்ட ஆட்சியர் சந்தீப் நந்தூரியின் முயற்சியால் அவர்களுக்கு வீட்டுமனைகளும் வீடுகளும் கிடைத்தன. குடியிருப்புக்குச் சந்தீப் நகர் என்று அவர்கள் பெயரிட்டனர். பால் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள். மாட்டின் பாலைக் கறந்து அளப்பவர்களுக்கு, தங்கள் பாலைப் பிறர் எப்படி அளக்கிறார்கள் என்பதும் அன்றாடக் கவலை என்பது வேடிக்கையான பொருத்தம் அன்று.

தொழில் செய்பவர் ஊரோடு பேசியாக வேண்டும். மாட்டுக்குத் தீவனம் வாங்க வேண்டும். கால்நடை மருத்துவரைப் பார்க்க வேண்டும். வங்கியில் வரிசையில் நிற்க வேண்டும். இவ்விடங்களில் ஒரு திருநங்கையைப் பார்த்துக் குரலையோ தோள்களையோ அளந்து 'சார்' என்பது ஒருவகை. அழைக்காமலே விட்டுவிட்டு, அருகில் நிற்பவரிடம் "அதுக்கு என்ன வேணுமாம்?" என்று கேட்பது இன்னொருவகை. இரண்டாவதே கொடியது. தம் வீட்டுக் குழந்தையை 'அது தூங்குது' என்று சொல்லும் தாயின் 'அது' வேறு. அங்கே அன்பு இருக்கிறது. குழந்தைக்கும் அது தெரியும். அறிமுகமற்ற பெரியவர் ஒருவரை அவர் காதுபடவே 'அது' என்பது, அவரை உயர்திணையிலிருந்து இறக்கிவிடுவது.

இந்த இறக்கத்துக்கு இலக்கணத்திலேயே இடம் உண்டோ என்று மாணவர் கேட்கலாம். விடையை மறைக்க வேண்டியதில்லை. ஆண்தன்மை மாறிப் பெண்தன்மை கொண்டோரைக் குறிக்கும் சொல்லை உயர்திணையில் வைத்தே தொல்காப்பியர் பேசுகிறார். அச்சொல் ஆண்பால் வினையைக் கொள்ளாது என்றும் விலக்குகிறார். நன்னூலார் ஒருபடி மேலே செல்கிறார். பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புவோர் ஆண்பாலாகவும், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புவோர் பெண்பாலாகவும் கொள்ளப்படுவர் என்கிறார். ஒருவருடைய பாலை அவருடைய விருப்பமே காட்டுகிறது என்னும் இக்கருத்து, பல நூற்றாண்டுகளுக்குப் பின் நீதிமன்றம் சொன்னதற்கு மிக அருகில் நிற்கிறது. ஆனால், அதே நூற்பாவின் இறுதியில், இவ்விரு சாராரும் அஃறிணை போலவும் சொல்லப்படுவர் என்றும் அவர் சேர்த்துவிடுகிறார். தம் காலத்து வழக்கை அவர் பதிவு செய்தார் என்று அமைதி கூறலாம். அந்த வழக்கை இன்றும் பின்பற்ற வேண்டியதில்லை. இலக்கணம் வழக்கின் வழிச் செல்வது. வழக்கு திருந்தினால் இலக்கணமும் திருந்தும்.

வழக்கு திருந்தியதற்குச் சான்றுகள் உள்ளன. தமிழ்நாடு அரசு 2008ஆம் ஆண்டு திருநங்கைகள் நல வாரியத்தை அமைத்தது. அதுவரை வழங்கிய இழிசொற்களுக்கு மாற்றாகத் 'திருநங்கை' என்னும் சொல் அரசு ஆவணங்களிலும் செய்தித்தாள்களிலும் நிலைபெற்றது. பிறப்பில் பெண்ணாகக் குறிக்கப்பட்டு ஆணாக வாழ்பவர் 'திருநம்பி' எனப்பட்டார். ஒருவர் தம் பாலை எவ்வாறு உணர்கிறாரோ அவ்வாறே ஏற்கப்படும் உரிமை உடையவர் என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று தீர்ப்பளித்தது. தூத்துக்குடியில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் செய்துகொண்ட திருமணத்தைப் பதிவு செய்ய அலுவலகம் மறுத்தபோது, சட்டத்தில் உள்ள 'மணமகள்' என்னும் சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019இல் விளக்கம் தந்தது. பாலினச் சிறுபான்மையரைப் பற்றி எழுதும்போது பயன்படுத்தத்தக்க சொற்களின் பட்டியல் ஒன்றை, உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டுதலைத் தொடர்ந்து, தமிழ்நாடு அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்டது.

இத்தனையும் ஒருவரைப் பற்றிப் பேசுவதற்கான சொற்கள். அவரிடம் பேசுவதற்கான சொல்லை அரசிதழ் தர இயலாது.

பொதுச்சொல்லும் புறக்கணிப்பும்

இங்கே ஒரு நுட்பம் உண்டு. எவரையும் பால் சுட்டாமல் அழைத்துவிட்டால் மரியாதை முடிந்தது என்று எண்ணுதல் தவறு. கடைக்கு மூன்று பெண்கள் வருகிறார்கள். அவர்களுள் ஒருவர் திருநங்கை. கடைக்காரர் முதலாமவரை 'அக்கா, என்ன வேணும்?' என்கிறார். இரண்டாமவரையும் 'அக்கா' என்கிறார். சேலை உடுத்திப் பூச்சூடி நிற்கும் மூன்றாமவரிடம் மட்டும், 'உங்களுக்கு என்ன வேணும்?' என்கிறார். சொல்லில் குற்றம் இல்லை. ஆனால் அந்தத் திருநங்கைக்குத் தம்மை எங்கே நிறுத்தினார்கள் என்பது தெரிந்துவிடும். பொதுச்சொல் ஐயத்துக்கு உரியது. ஒருவர் தம் உடையாலும் பெயராலும் தம்மைத் தெளிவாக அறிவித்த பின்னும் ஐயத்தை நீட்டிப்பது, நம்ப மறுப்பதன் மறுபெயர்.

ஆகவே வரிசை இதுதான்: தெரியாதபோது பொதுச்சொல், தெரிந்தபின் அவர் விரும்பும் சொல். இடையில் தேவைப்பட்டால், 'உங்களை எப்படிக் கூப்பிடலாம்?' என்னும் கேள்வி. 'நீங்க ஆணா, பெண்ணா?' என்பது அக்கேள்வி அன்று. முதற்கேள்வி, விடை சொல்பவரின் கையில் முடிவை விடுகிறது; பின்னது அவரை விசாரணைக் கூண்டில் ஏற்றுகிறது. பெரும்பாலான நேரங்களில் முதற்கேள்விக்கும் தேவை இராது. 'வாங்க', 'சொல்லுங்க', 'இங்க பாருங்க', 'கொஞ்சம் வழி விடுங்க' என்று வினைச்சொல்லிலிருந்தே பேச்சைத் தொடங்கிவிடலாம். கேட்பவரின் கவனத்தைத் திருப்புவதற்கென்றே 'அம்ம' என்னும் இடைச்சொல் பழந்தமிழில் இருந்தது. அது தாயைக் குறிப்பதன்று. ஆண் பெண் எவரையும் கேட்கச் செய்வது. இன்று அந்த வேலையை 'ஏங்க' செய்கிறது.

நீங்கள் என்பது யாருக்கு?

பன்மையில் பேசினால் பால் சிக்கல் தீரும் என்பது சரிதான். அப்பன்மை எல்லார்க்கும் கிடைக்கிறதா என்பதே அடுத்த வினா. இதைக் கேட்காமல் விடுவது நேர்மை ஆகாது.

ஒருவரைப் பன்மையால் சொல்வது இலக்கண நெறி அன்று எனினும், உயர்வு கருதி வழக்கில் வருவது என்று தொல்காப்பியரே குறிப்பிடுகிறார். உயர்வு கருதி வருவது என்றால், உயர்வாகக் கருதப்படாதவர்க்கு அது வராது என்பதும் உடன்வரும் உண்மை. நம் சிற்றூர்களில் எழுபது வயது உழைப்பாளியை, அவர் பேரன் வயதுடையவர் சாதிச் செருக்கினால் 'வா', 'போ' என்று ஒருமையில் அழைத்த காலம் நெடியது. அது முற்றும் ஒழிந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. மறுமொழியாக அந்த முதியவர் 'வாங்க', 'சரிங்க' என்று பன்மையிலேயே பேச வேண்டியிருந்தது. அலுவலகத்துக்கு வரும் படித்தவரை 'நீங்கள்' என்னும் அதே வாய், துப்புரவுப் பணியாளரை 'நீ' என்கிறது. திருநங்கையரை ஒருமையில் அழைப்பதும் இந்தப் பழக்கத்தின் கிளையே.

தென்தமிழ்நாட்டுப் பேச்சில் 'அவுக வந்தாக', 'சொன்னாக' என்றொரு வடிவம் உண்டு. ஆண், பெண் வேறுபாடின்றிப் பெரியவர்களையெல்லாம் சுட்டும் அழகிய மரியாதைப் பன்மை அது. மனைவி கணவரைச் சுட்டவும், மருமகள் மாமியாரைச் சுட்டவும் அதுவே. அந்த 'அவுக' ஊரில் யார் யாருக்கெல்லாம் கிடைத்தது, யாருக்கு 'அவன்', 'அவ' மட்டுமே கிடைத்தது என்று வீட்டிலுள்ள முதியவர்களைக் கேட்டால், மாணவர்களுக்கு வரலாற்றுப் பாடம் ஒன்று கிடைக்கும்.

விளிகளைச் சமமாக்கும் முயற்சிகள் தமிழ்நாட்டுக்குப் புதியன அல்ல. ஐரோப்பிய, சோவியத் பயணம் முடித்து 1932இல் திரும்பிய பெரியார், மரியாதை அடைமொழிகளை விடுத்து எல்லாரையும் 'தோழர்' என்று அழைக்குமாறு வேண்டினார். ஆண், பெண், சாதி, பதவி எதையும் காட்டாத அச்சொல் இன்றும் இயக்கங்களில் வழங்குகிறது. 1967இல் பொறுப்பேற்ற அண்ணாவின் அரசு, 'ஸ்ரீ', 'ஸ்ரீமதி' என்பவற்றுக்கு மாற்றாகத் 'திரு', 'திருமதி' என்பவற்றைக் கொண்டுவந்தது. அம்மாற்றம் தமிழாக்கமாக முழுமை பெற்றது. ஆயினும் பெண்ணுக்கு மட்டும் மணமானவரா இல்லையா என்னும் வேறுபாடு 'திருமதி', 'செல்வி' எனத் தொடர்ந்தது. இப்போது அழைப்பிதழ்களில் பரவிவரும் 'திருமிகு' அந்தக் குறையை நீக்குகிறது. அது எவர் பெயருக்கு முன்னும் பொருந்தும்.

பாரதி என்னும் பெயர்

எழுத்தில் இச்சிக்கல் வேறு வடிவம் கொள்கிறது. முகம் தெரியாது, குரலும் கேட்காது, பெயர் ஒன்றே கையில் இருக்கும். பெயரும் ஏமாற்றும். எட்டயபுரத்தில் பிறந்த சுப்பையா என்னும் சிறுவருக்கு, அவருடைய கவித்திறனைப் பாராட்டிப் பதினொரு வயதில் அவ்வூரிலேயே 'பாரதி' என்னும் பட்டம் வழங்கப்பட்டது. பாரதி என்பது கலைமகளின் பெயர். ஓர் ஆண்மகனுக்கு அணிவித்த பெண்தெய்வப் பெயரை யாரும் முரணாக எண்ணவில்லை. இன்று தமிழ்நாட்டில் பாரதி என்னும் பெயருடைய ஆண்களும் உண்டு, பெண்களும் உண்டு. மணி, முத்து போன்றவையும் அவ்வாறே. தந்தை பெயரின் முதலெழுத்தோடு 'மு. பாரதி, வட்டாட்சியர்' என்று பலகையில் எழுதியிருந்தால், மனு எழுதும் மாணவர் எப்படித் தொடங்குவார்?

பள்ளியில் பயிற்றுவிக்கும் கடித முறையில் 'அனுப்புநர்', 'பெறுநர்' என்னும் சொற்கள் இருபாலுக்கும் பொதுவானவை. அவற்றைத் தாண்டியதும் 'ஐயா' என்று ஒரு வரி வந்துவிடுகிறது. அதிகாரி என்றால் ஆண் என்று இருந்த காலத்தின் எச்சம் அது. இன்று மாவட்ட ஆட்சியராகவும் காவல் கண்காணிப்பாளராகவும் பெண்கள் பணியாற்றும்போதும் கை பழக்கத்தால் 'ஐயா' என்றே எழுதுகிறது. சிலர் 'ஐயா/அம்மையீர்' என்று சாய்கோடு இட்டு எழுதுவர். படிவத்தை நிரப்பாமல் விட்டது போன்ற தோற்றம் அதற்கு உண்டு. திருமண அழைப்பிதழ்களில் நெடுங்காலமாக வழங்கும் 'அன்புடையீர்' இருக்கிறது. அதே அமைப்பில் 'மதிப்பிற்குரியீர்' என்று எழுதினால் மனுவின் கம்பீரம் குறையாது. 'வட்டாட்சியர் அவர்களுக்கு' என்று பதவிப்பெயரால் தொடங்கினாலும் போதும். ஆசிரியர், மருத்துவர், நடத்துநர், செவிலியர் எனத் தமிழில் தொழிற்பெயர்கள் 'அர்' ஈறு பெற்றுப் பொதுவாகவே நிற்கின்றன. 'ஆசிரியை' என்று பிரித்தது நாம்தான்.

முகமறியாதவரை அழைக்கும் கலையில் வானொலி நல்லாசிரியர். பருத்திக் காட்டிலும் தீப்பெட்டித் தொழிற்கூடத்திலும் கேட்டுக்கொண்டிருப்பவர் யாரென்று அறிவிப்பாளர்க்குத் தெரியாது. 'நேயர்களே' என்று ஒரு சொல் சொன்னார். கேட்ட அனைவரும் அது தம்மையே அழைப்பதாக எடுத்துக்கொண்டனர்.

அண்டை வீடும் அயல்நாடும்

கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்த மாத்தூர் ஊராட்சி, 2021ஆம் ஆண்டு ஒரு முடிவெடுத்தது. ஊராட்சி அலுவலகத்துக்கு வரும் பொதுமக்கள் அங்குள்ளவர்களை 'சார்', 'மேடம்' என்று அழைக்க வேண்டியதில்லை. பெயராலோ பதவியாலோ அழைக்கலாம். அம்மாநிலத்தின் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023இல், பள்ளிகளில் ஆண் ஆசிரியரையும் பெண் ஆசிரியரையும் 'டீச்சர்' என்றே அழைக்கலாம் என்று அறிவுறுத்தியது. லண்டன் போக்குவரத்து நிறுவனம் 2017இல், 'சீமாட்டிகளே, சீமான்களே' என்னும் பொருளுடைய பழைய அறிவிப்பை விடுத்து, 'அனைவர்க்கும் காலை வணக்கம்' என்னும் பொருள்படச் சொல்லுமாறு பணியாளர்க்குக் கூறியது. சுவீடன் மொழியில் அவன், அவள் என்பவற்றுக்கு இடையே 'ஹென்' என்னும் புதிய சொல் 2015இல் அதிகாரமுறை அகராதியில் ஏறியது. அதற்காக அந்நாட்டில் பல்லாண்டு வாதம் நடந்தது.

தமிழர்கள் அப்படியொரு புதுச்சொல்லுக்குப் போராட வேண்டியதில்லை. 'அவர்' என்னும் சொல் கையிலேயே இருக்கிறது. ஆகவேதான், பால் சுட்டாமல் பேசுவது மேலைநாட்டு இறக்குமதி என்று சிலர் சொல்லும்போது சிரிப்பு வருகிறது. கிளவியாக்கத்தைப் படித்தவர்கள் அவ்வாறு சொல்ல மாட்டார்கள்.

எட்டயபுரம் பேருந்து நிறுத்தத்தில் பொழுது சாய்கிறது. முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டுமாக ஒருவர் காட்டுப் பக்கமிருந்து சாலைக்கு ஏறி வருகிறார். ஏற்கெனவே அங்கே காத்திருக்கும் மாணவரிடம், "விளாத்திகுளம் பஸ் போயிருச்சா?" என்று கேட்கிறார். எதிர்வெயில் கண்ணைக் கூசுகிறது; மாணவர்க்கு முகம் தெரியவில்லை. "இன்னும் வரலைங்க. உக்காருங்க, இப்ப வந்துரும்" என்று சொல்லிவிட்டுத் தம் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் விடுகிறார்.